வெற்றிலைக்குள் இருந்த துவக்குப் படங்கள்

2024 ஒக்டோபர் மாதம் 19ஆம் திகதி சனிக்கிழமை பிற்பகல், கண்டியில் வைத்து, பொலிஸ் கான்ஸ்டபிள் பவாஸ் கேட்டுத் தமிழில் எழுதிக்கொண்டது.

பெயர் மோகனராஜ் பிரேமிளா. வயது 47. பிறந்த இடம் பன்வில. இப்போதைய முகவரி மடவளை வீதி, கட்டுகஸ்தோட்டை. தொழில், வீட்டில் முறுக்கும் பகோடாவும் செய்து கடைகளுக்குக் கொடுப்பது. மதம் இந்து.

மேலே சொன்ன பெயருக்குரியவள் நான். என் கணவர் மோகனராஜ் இன்று காலை தலதா மாளிகைக்குப் பக்கத்தில் உள்ள சோதனைச் சாவடியில் பிடிக்கப்பட்டு இந்தப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுவரப்பட்டார். அவருடைய சட்டைப் பையில் இருந்த இரண்டு வெற்றிலைப் பொட்டலங்களை அவரிடம் கொடுத்தவள் நான். அவற்றுக்குள் துவக்குப் படங்களை வைத்து மடித்தவளும் நான். உள்ளே என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாது. இந்த உண்மையைச் சொல்லி அவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவதற்காகவே நானாக வந்து இந்த வாக்குமூலத்தைத் தருகிறேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள், உட்காரக் கதிரை கொடுத்தார்கள். அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

எனக்குக் கூடப்பிறந்தவன் ஒரே ஒரு தம்பி, பெயர் சுதேஷ். அவன் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் குடியிருக்கிறான், அந்த நாட்டுப் பிரஜை, வீடுகளுக்கு ஏசி திருத்துவது அவன் தொழில். மனைவி பிள்ளைகள் உண்டு. நகரத்துக்கு வெளியே உள்ள அவன் வீட்டோடு சேர்ந்த கொஞ்சம் காணியும் வாங்கி அதில் சோளமும் பூசணியும் போட்டான். காட்டுப் பன்றிகள் கூட்டமாக வந்து எல்லாவற்றையும் கிளறிப் போட்டுவிட்டுப் போகின்றன என்று வெகு நாளாகப் புலம்பிக்கொண்டிருந்தான். பன்வில தோட்டத்தில் எங்கள் அப்பா போட்ட மரவள்ளியைப் பன்றி தின்ன வந்தபோது தகர டின்னைத் தட்டி விரட்டியவன்தான் அவன். டெக்சாஸ் பன்றிகள் தகரத்துக்குப் பயப்படுவதில்லையாம். அதன் பிறகு ஒரு ரைபிள் வேண்டும் என்று முடிவெடுத்தான். அவனுக்கு அங்கே அதற்கு அனுமதி உண்டு. முழுதாக ஒன்றை வாங்கிவிட்டுப் போக வேண்டியதுதானே என்று நான் கேட்டதற்கு, பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்வது அங்கே சட்டப்படி செய்யக்கூடிய காரியம் என்றும், அதுதான் தனக்கு ஆசை என்றும் சொன்னான். சின்ன வயதில் அப்பாவின் ரேடியோவைக் கழற்றிப் போட்டுவிட்டு முதுகில் வாங்கிக் கட்டிக்கொண்டவன், அவனிடம் வேறு எதை எதிர்பார்ப்பது.

அதன் பிறகு அவன் ஒவ்வொரு நாளும் வட்ஸ்அப்பில் எடுத்து அதைப் பற்றியே பேசினான். என்னை மாவு பிசைய விடவில்லை. ஒரு நாள் இப்படிச் சொன்னான்.

“அக்கா, மொதல்ல வாங்க வேண்டியது கீழ்ப்பாகம். லோவருன்னு சொல்லுவாங்க. உள்ளுக்கு ஒன்னுமே பூட்டியிருக்காது, வெறும் ஒடம்பு. ஆனா நம்பர் அடிச்சிருக்கிறது அதுலதான். இங்க சட்டத்துக்கு அதுதான் துவக்கு. மத்ததெல்லாம் சாமான்.”

அவன் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். இறைச்சி அரைக்கும் மெஷினைக் கழற்றிக் கழுவிக் கவிழ்த்து வைத்தது போல ஒரு கறுப்புச் சாமான். இதுவா துவக்கு என்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இப்போது இங்கே உட்கார்ந்து யோசித்தால், அந்தச் சிரிப்புத்தான் இவ்வளவுக்கும் காரணம். பார்த்தால் துவக்கு மாதிரி இருந்திருந்தால் நான் தொட்டிருக்கவே மாட்டேன்.

இவ்வளவும் ஒரு முறுக்குக்காரிக்கு எப்படித் தெரியும் என்று எழுதுபவர் கேட்டார். சொல்கிறேன். என் தம்பிக்கு நல்ல தொழில் தெரியும், நல்ல மனசும் உண்டு, ஆனால் இரண்டு சாமானைக் காட்டி ஒன்றை எடு என்றால் எடுக்கத் தெரியாது. கடையில் இரண்டு சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பூட்டும் நேரம் வரைக்கும் நிற்கிற ஆள். இந்த விஷயத்தில் அவனுக்கு முன்னால் மூன்று கிடந்தன. முதலாவது, அலுமினியத்தை அச்சில் வைத்து அடித்து உருவாக்கியது. அதற்கு அலங்காரம் எதுவும் இல்லை, ஆனால் உறுதியானது, எந்தக் கடையில் வாங்கினாலும் குழல் உள்ள மேல்பாகம் அதில் பொருந்தும். இரண்டாவது, முழுக் கட்டியிலிருந்து கடைந்து எடுத்தது. பார்க்க அழகாக இருக்கும், விலையும் பாரமும் கூட, சில மேல்பாகங்களோடு சேர்த்தால் விளிம்பு ஒத்து வராதாம். மூன்றாவது பிளாஸ்டிக். கையில் எடுத்தால் பாரமே தெரியாது, ஆனால் பின்பக்கத்தில் தோளில் வைக்கிற கட்டையைப் பூட்டுகிற இடம் வெடித்துப்போவதுண்டு என்று சிலர் சொல்கிறார்களாம். மூன்றையும் அவன் எனக்கு மாறி மாறி விளங்கப்படுத்தினான். காலையில் முதலாவது என்பான், அடுத்த நாள் இரண்டாவது என்பான், அவன் மனைவி மூன்றாவது போதும் என்றாளாம், அதற்கு ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

கடைசியில் போன புதன்கிழமை அவன், “அக்கா, என்னால முடியல. நீ ஒரு பூ கட்டிப் பாரு, அம்பாள் எத குடுக்குறாளோ அத வாங்கிர்றேன்” என்றான். “எலே, கோயில்ல போயி துவக்குக்குப் பூ கட்டச் சொல்றியா? ஒனக்கு மூள கலங்கிருச்சா?” என்று நான் திட்டினேன். அதற்கு அவன், “வீட்டுக்குக் கட்டுன, காருக்குக் கட்டுன, இதுக்கு மட்டும் ஏன் மாட்டேங்குற?” என்று கேட்டான். அது உண்மை. எங்கள் குடும்பத்தில் எந்த முடிவு எடுப்பதானாலும் பூ கட்டிப் பார்ப்பது வழக்கம். அம்மா இருந்த காலத்தில் அம்மா செய்தார், அம்மா போன பிறகு அது என் தலையில் விழுந்தது. டெக்சாஸில் அவன் இருக்கிற வீட்டை இங்கே கட்டுகஸ்தோட்டையில் பூ கட்டித்தான் வாங்கினான்.

பூ கட்டிப் பார்ப்பது என்றால் என்ன என்று பொறுப்பதிகாரி கேட்டதால் இதையும் சொல்கிறேன். நமக்கு ஒன்றில் முடிவெடுக்க முடியாமல் இருக்கும்போது, ஒவ்வொரு தெரிவையும் தனித்தனியாக, ஒரு பூவோடு சேர்த்து, வெளியே தெரியாமல் மடித்துக் கட்டுவோம். எல்லாப் பொட்டலமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். சாமி பாதத்தில் வைத்துக் கும்பிட்டு, விஷயம் தெரியாத ஒருவரைக் கொண்டு ஒன்றை எடுக்கச் செய்வோம். எடுத்ததைப் பிரித்துப் பார்த்து, வந்ததைச் செய்வோம். எடுக்காதவற்றைப் பிரிக்கக் கூடாது, குப்பையில் போடவும் கூடாது, ஓடுகிற தண்ணீரில் விட வேண்டும். கிடைக்காதது என்ன என்று தெரிந்தால் மனசு அதன் பின்னாலேயே போகும் என்று அம்மா சொல்லுவார்.

பெயரை எழுதி வைத்திருந்தால் இன்றைக்கு நான் இங்கே வந்திருக்க மாட்டேன். ஆனால் மூன்றுக்கும் பெயர் ஒன்றுதான், லோவர். அடித்தது, கடைந்தது என்று தமிழில் எழுதினால் அம்பாளுக்கு என்ன விளங்கும் என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. வீட்டுக்குக் கட்டியபோதும் வீட்டின் படத்தை வைத்துத்தான் கட்டினேன். ஆகவே நேற்று வெள்ளிக்கிழமை பின்னேரம் சந்தியில் உள்ள கொமியுனிகேஷன் கடையில் மூன்று படத்தையும் கலரில் அச்சடித்து எடுத்தேன். அங்கே இருந்த பிள்ளை “ஆன்ட்டி, இது என்ன மெஷின்?” என்று கேட்டதற்கு, தம்பி வாங்கப்போகிற மெஷின் என்றேன். அது பொய் இல்லை என்று அப்போது நினைத்தேன்.

அதன் பிறகு வீட்டில் படங்களை ஒரே அளவாக வெட்டி, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு மல்லிகைப் பூ வைத்து, வெற்றிலையில் சுற்றி, மஞ்சள் பூசிய நூலால் கட்டி, நாங்கள் வழமையாகப் போகும் அம்மன் கோவிலுக்குக் கொண்டு போனேன். குருக்கள் பாதத்தில் வைத்துத் தந்தார். அவருக்கும் உள்ளே என்ன இருந்தது என்று தெரியாது, தயவு செய்து அவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டாம். கோவில் வாசலில் பூ விற்கிற வீரம்மாவிடம் தட்டை நீட்டினேன். எனக்கு எப்போதும் எடுத்துத் தருவது அவர்தான். “இந்தத் தடவ என்னாக்கா, வீடா, வாகனமா?” என்று கேட்டுக்கொண்டே நடுவில் இருந்ததை எடுத்துத் தந்தார். பிரித்துப் பார்த்தேன். முதலாவது, அடித்து உருவாக்கியது. எனக்கு உள்ளூர இரண்டாவது வர வேண்டும் என்று இருந்தது, அதுதான் கண்ணுக்கு அழகு. ஆனாலும் வந்தது வந்ததுதான் என்று தம்பிக்கு அந்த இடத்திலேயே சொல்லிவிட்டேன். அவன் பெரிய பாரம் இறங்கியது போல மூச்சு விட்டான்.

மிச்சம் இரண்டு பொட்டலங்கள் இருந்தன. இன்று காலை என் கணவர் கண்டிக்குப் புறப்பட்டபோது அவற்றை அவர் சட்டைப் பையில் வைத்து, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் மகாவலியில் போட்டுவிடுங்கள் என்று சொன்னேன். அவர் தண்ணீர்ப் பம்பும் பைப் சாமான்களும் விற்கிற கடை நடத்துகிறவர். பூ கட்டிப் பார்ப்பதைக் கண்டால் அவருக்கு இளக்காரம். “ஒங்கம்மா கட்டுன பூவுலதான் நான் மாட்டுனேன், இப்ப தண்ணிக்குள்ள போற பாக்கியசாலி யாரு?” என்றுதான் கேட்டார். வாயைப் பார், அதற்குப் பதில் சொல்லக்கூடாது என்று நான் அடுப்பைப் பார்க்கப் போனேன். உள்ளே இருப்பது என்ன என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொன்னால் உன் தம்பிக்கும் உனக்கும் வேறு வேலை இல்லையா என்று தொடங்குவார் என்பதாலேயே சொல்லவில்லை.

அதன் பிறகு நடந்தவற்றை நான் நேரில் பார்க்கவில்லை, பிறகு அறிந்துகொண்டதைச் சொல்கிறேன். அவர் போன பஸ் பாலத்தில் நிற்கவில்லை. ஓடுகிற பஸ்ஸின் ஜன்னலால் கோவில் பொட்டலத்தை வீசி எறிய அவருக்கு மனம் வரவில்லை, திரும்பி வரும்போது இறங்கி நடந்து போட்டுவிடலாம் என்று பையிலேயே வைத்துக்கொண்டார். வாவிக்கு அந்தப் பக்கம் உள்ள விருந்தினர் விடுதி ஒன்றில் பம்ப் வேலை செய்யவில்லை என்று அழைத்திருந்தார்கள். நடந்து போகக் கிட்டவான வழி மாளிகை வளாகத்துக்குள்ளால் என்பதால் அந்த வழியில் போனார். சாவடியில் இருந்தவர்கள் எல்லோரையும் சோதிப்பது போல அவரையும் சோதித்தார்கள். அவருடைய சாமான் பையில் ஸ்க்ரூ டிரைவரும் ஸ்பேனரும் பைப் துண்டுகளும் இருந்தன, சட்டைப் பையில் வெற்றிலை இருந்தது. வெற்றிலையைப் பிரித்தார்கள். பூவோடு சுற்றிய துவக்குப் படம் வந்தது. இன்னொன்றைப் பிரித்தார்கள், இன்னொரு துவக்குப் படம் வந்தது.

அவர்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அந்த மாளிகையில் முன்பு குண்டு வெடித்தது கண்டியில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். நான் அந்தச் சாவடியில் நின்றிருந்தாலும் அவரைப் பிடித்திருப்பேன்.

எனக்கு விஷயத்தைச் சொன்னவர் பக்கத்துக் கடை ராஜலிங்கம் அண்ணன். அவர் வீட்டுப் படியில் ஏறும்போதே முகம் சரியில்லை. “தங்கச்சி, மோகன பொலிசுல புடிச்சிட்டாங்களாம். பையில துவக்குப் படம் இருந்துச்சாம். கடையையும் பாக்க வாறாங்களாம்” என்றார். இந்த நாட்டில் என் வயதுத் தமிழ்ப் பொம்பிளை ஒருத்திக்கு, துவக்குப் படத்தோடு பிடித்துக்கொண்டு போனார்கள் என்றால் என்ன என்று யாரும் விளக்கத் தேவையில்லை. அப்படிப் போனவர்களின் வீடுகள் எனக்குத் தெரியும். எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்தேனா இல்லையா என்று இப்போதும் எனக்கு நினைவில்லை, ராஜலிங்கம் அண்ணன்தான் அடுப்பை அணைத்திருக்க வேண்டும். அதன் பிறகு அடையாள அட்டையையும் போனையும் எடுத்துக்கொண்டு, வீட்டில் உடுத்திருந்த உடையோடு முச்சக்கர வண்டியில் ஏறி இங்கே வந்தேன்.

வரும் வழியெல்லாம் அவரைக் கம்பிக்குப் பின்னால்தான் பார்க்கப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். உள்ளே நுழைந்தபோது அவர் வாங்கில் உட்கார்ந்து, ஒரு கையில் பிளேன்டீயும் இன்னொரு கையில் பாதி கடித்த பணிசும் வைத்திருந்தார். கையில் விலங்கு இல்லை, முகத்தில் காயம் இல்லை. எனக்கு உயிர் திரும்பி வந்தது. அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அவரோ என்னைப் பார்த்ததும் தலையைக் குறுக்காக ஆட்டி, போ, போ என்று கண்ணால் காட்டினார். அது ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

அதன் பிறகு கான்ஸ்டபிள் பவாஸ் என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். அவர் அக்குறணைக்காரர், அந்த ஊர்ப் பேச்சில், “அழுவ வாணாம் அக்கா, எல்லாத்தயும் மெதுவா செல்லுங்க, நான் சேருக்கு சிங்களத்துல செல்றேன்” என்றார். பொறுப்பதிகாரியிடம் நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கொழும்புக்கு அறிவித்தாகிவிட்டது என்றும், அங்கிருந்து வந்து என் கணவரைக் கூட்டிக்கொண்டு போனால் பிறகு தன் கையில் ஒன்றும் இல்லை என்றும், சொல்வதை நிரூபிக்க ஏதாவது இருந்தால் இப்போதே காட்டும்படியும் சொன்னார்.

நான் போனைத் திறந்து தம்பியின் செய்திகளைக் காட்டினேன். மூன்று படங்களும் அதில் இருந்தன, அவன் அனுப்பிய திகதிகளும் இருந்தன, நான் அவனைத் திட்டிய குரல் பதிவுகளும் இருந்தன. பவாஸ் அவற்றைக் கேட்டுக் கேட்டுச் சிங்களத்தில் சொன்னார். துவக்கு வாங்கித் தொலைக்காமல் பன்றியோடு சேர்ந்து நீயும் பூசணி தின்னு என்று நான் சொன்ன இடத்தில் அவர் வாயைப் பொத்திக்கொண்டார். அதன் பிறகு பொறுப்பதிகாரி, தம்பியை வீடியோவில் எடுக்கச் சொன்னார்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவன் எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று நான் அம்பாளை ஒரு பாட்டம் திட்டினேன், அதை எழுத வேண்டாம் என்றேன், பவாஸ் எழுதிவிட்டார், இருக்கட்டும். கடைசியில் அவன் எடுத்தான். தூக்கக் கலக்கத்தில், “அக்கா, ஓடர் பண்ணிட்டேன், இனி மாத்த ஏலாது” என்றுதான் முதல் வார்த்தை சொன்னான். பிறகு பொறுப்பதிகாரியின் தொப்பியைக் கண்டதும் எழும்பி நின்றுவிட்டான். இருவரும் ஆங்கிலத்தில் பேசினார்கள். தம்பி தன் அடையாள அட்டையையும், அங்குள்ள அனுமதியையும், கடையில் பதிந்த விபரத்தையும் காட்டினான். கமராவை ஜன்னல் பக்கம் திருப்பி, பன்றி கிளறிய காணியையும் காட்டப் பார்த்தான், அங்கே இன்னும் விடியாததால் வெளியே ஒன்றும் தெரியவில்லை.

பொறுப்பதிகாரி நெடுநேரம் கேள்வி கேட்டார். அதன் பிறகு போனை என்னிடம் தந்துவிட்டு, கதிரையில் சாய்ந்து, சத்தமாகச் சிரித்தார். அவர் முன்பு இராணுவத்தில் இருந்தவராம். போனை மறுபடி வாங்கி மூன்று படத்தையும் பார்த்து, “அடித்துச் செய்ததுதான் நல்லது, உங்கள் தெய்வம் விஷயம் தெரிந்த தெய்வம்” என்று சிங்களத்தில் சொன்னதாகப் பவாஸ் எனக்குச் சொன்னார். அதன் பிறகு அவர் கொழும்புக்கு எடுத்து, யாரும் வரத் தேவையில்லை என்று சொன்னார். கடையைச் சோதிக்கப் போனவர்களும் வந்து, பம்பும் பைப்பும் தவிர அங்கே ஒன்றும் இல்லை என்றார்கள். எனக்குத் தோளில் இருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது. சிரிக்கவும் செய்தேன், அழவும் செய்தேன். கோவிலிலும் வீட்டிலும் இனி எந்தத் துவக்குக்கும், எந்த ஆயுதத்துக்கும், இந்தப் பிறவியில் பூ கட்ட மாட்டேன் என்று இதன் மூலம் உறுதி கூறுகிறேன். படங்கள் இரண்டையும் பொலிஸ் வைத்துக்கொள்ள எனக்குச் சம்மதம்.

அதோடு முடிந்தது என்று எழும்பப் போனேன். அப்போது பொறுப்பதிகாரி சிரிப்பை நிறுத்திவிட்டு, ஒரு விஷயம் மட்டும் தனக்கு விளங்கவில்லை என்றார். நீங்கள் சொல்வதுதான் உண்மை என்றால், உங்கள் கணவர் காலையில் ஏன் வேறு விதமாகச் சொன்னார், அவர் சொன்னதால்தான் நாங்கள் கொழும்புக்கே அறிவித்தோம் என்றார். அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது என்றேன். அதன் பிறகு பவாஸ், என் கணவர் சிங்களத்தில் கொடுத்த வாக்குமூலத்தை எடுத்துத் தமிழில் எனக்கு வாசித்தார்.

“பையில் இருந்த படங்கள் என்னுடையவை. அவை தண்ணீர்ப் பம்ப் ஒன்றின் பாகங்கள். எந்தப் பம்ப் என்று இப்போது நினைவில்லை. அவற்றை வெற்றிலையில் மடித்தவனும் நான்தான். என் மனைவிக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவருக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது. அவரை இங்கே அழைக்க வேண்டாம்.”

பம்ப் விற்கிற மனிதருக்கு எந்தப் பம்ப் என்று நினைவில்லையாம். பொய் சொல்லத் தெரியாதவர் பொய் சொன்னால் இப்படித்தான் இருக்கும். பிரித்த வெற்றிலைக்குள் ஏதோ கறுப்பாக ஒரு படத்தைப் பார்த்திருக்கிறார், அது என்ன என்று அவருக்குத் தெரியவில்லை, ஆனால் அது நான் கட்டிய பொட்டலம் என்று தெரியும், என் பெயரைச் சொன்னால் என்னை அழைப்பார்கள் என்று தெரியும். அவ்வளவுதான் அவர் யோசித்தது.

அதன் கீழே இன்னும் ஒரு வரி இருக்கிறது, அதையும் வாசிக்கவா என்று பவாஸ் கேட்டார். வாசியுங்கள் என்றேன். இது பம்ப் பாகம் இல்லை, ரைபிளின் பாகம், இதன் பாரதூரம் உங்களுக்கு விளங்குகிறதா என்று பொறுப்பதிகாரி கேட்டதாக எழுதியிருந்தது. அதற்கு என் கணவர், “அப்படியென்றால் அந்த ரைபிளும் என்னுடையதுதான்” என்று சொன்னதாக எழுதியிருந்தது.

எழுதுபவரைச் சற்று நிறுத்தச் சொல்லிவிட்டு, வெளியே வாங்கிற்குப் போனேன். அவர் பணிசைத் தின்று முடித்திருந்தார். “ஒன்னைய யாரு வரச் சொன்னது?” என்று முறைத்தார். “வாய மூடுங்க” என்றேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். பொலிஸ் நிலையத்தில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்குக் கலியாணம் முடிந்த நாள் தொடக்கம் நாங்கள் நாலு பேருக்கு முன்னால் கை பிடித்தது இல்லை. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அதன் பிறகு உள்ளே வந்து மீதியைச் சொல்கிறேன்.

என் கணவர் காலையில் கொடுத்த வாக்குமூலம் இரத்துச் செய்யப்படும், அவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று பொறுப்பதிகாரி சொன்னார். அதை இரத்துச் செய்யுங்கள், ஆனால் கிழித்துப் போட வேண்டாம், என்னுடையதோடு சேர்த்து அதே கோவையில் வையுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அப்படியே செய்வதாகச் சொன்னார்.

இது எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டது, நான் சொன்னபடியே எழுதப்பட்டிருக்கிறது, மாற்றவோ கூட்டவோ எதுவும் இல்லை. இதில் நான் சொன்னது எல்லாம் உண்மை. என் கணவர் மோகனராஜ் இந்தப் படங்களைப் பற்றிச் சொன்னது எல்லாம் பொய். இரண்டையும் நன்றாக விளங்கிக்கொண்டு, சுயநினைவோடும் சந்தோஷத்தோடும் கையொப்பம் இடுகிறேன்.

மோ. பிரேமிளா